மேசைக்கு இரண்டு பக்கம்: ஜே.சி.எம். வந்த கதை

எட்டாவது சம்பளக் கமிஷன் அறிவிப்பு 2025 ஜனவரியில் வந்தாலும் வந்தது, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பென்ஷன்காரர்களுக்கு வேறு பேச்சே இல்லை. காந்தி சிலையிலிருந்து துய்ப்ளெக்ஸ் சிலை வரை கணக்குப் போட்டுக்கொண்டே நடக்கிறோம். அந்தப் பேச்சில் அடிக்கடி விழும் வார்த்தை 'ஸ்டாஃப் சைடு'. "ஸ்டாஃப் சைடு இத்தனை மடங்கு கேட்டிருக்காமே", "ஸ்டாஃப் சைடு கடிதம் கொடுத்திருக்காமே" என்று. மத்திய அரசில் வேலை பார்த்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. புதுவை அரசிலோ தமிழ்நாடு அரசிலோ இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு, அது யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் சொன்னால் அரசாங்கம் ஏன் காது கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் விளங்குவதில்லை. நண்பர்கள் சிலர் எழுதச் சொன்னார்கள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 38 வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். அதில் பதினோரு வருடம் ஆபீஸ் கவுன்சிலில் ஊழியர் தரப்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விவரமாகவே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கதை நம் நாட்டில் தொடங்கவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டனில் வெடிமருந்து ஆலைகளிலும் இயந்திரத் தொழிற்சாலைகளிலும் அடிக்கடி வேலைநிறுத்தம். போர்க்களத்துக்குக் குண்டு போய்ச் சேர வேண்டுமே, அரசாங்கம் கலங்கியது. 1916-ல் ஒரு குழு போட்டார்கள். தலைவர் ஜான் ஹென்றி விட்லி, ஹாலிஃபாக்ஸ் தொகுதி எம்.பி. பருத்தி நூற்பு ஆலை நடத்திய குடும்பம் அவருடையது. முதலாளி வீட்டுப் பிள்ளை என்றாலும் அவர் குழு 1917-ல் சொன்னது இதுதான்: சண்டை வந்த பிறகு பேசுவதை விட்டுவிட்டு, சண்டை இல்லாத நாளிலேயே இரண்டு தரப்பும் ஒரே மேசையில் ஒழுங்காக உட்காரும் பழக்கம் வேண்டும். தேச அளவில் ஒன்று, வட்டார அளவில் ஒன்று, ஆலை அளவில் ஒன்று என்று மூன்று அடுக்கு. இந்த மூன்று அடுக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விட்லி குழு இதைத் தனியார் தொழில்களுக்குத்தான் சொன்னது. அரசு அலுவலகக் குமாஸ்தாக்கள் சும்மா இருப்பார்களா? ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற அரசாங்கம் தன் வீட்டில் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார்கள். அரசாங்கத்திடம் நேரான பதில் இல்லை. கொஞ்ச நாள் தயங்கிவிட்டு 1919 ஜூலையில் அரசு ஊழியர்களுக்கான தேசிய விட்லி கவுன்சிலை ஏற்படுத்தினார்கள். இந்தப் பக்கம் 27 பேர், அந்தப் பக்கம் 27 பேர். ஓட்டெடுப்பு கிடையாது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒத்துவராத விஷயங்களை நடுவர் தீர்ப்புக்கு விடலாம் என்ற ஏற்பாடு 1925-ல் சேர்ந்தது.

இந்த விட்லி பிறகு காமன்ஸ் சபையின் சபாநாயகரானார். அதற்கும் பிறகு, இந்தியத் தொழிலாளர் நிலைமையை ஆராய வந்த ராயல் கமிஷனுக்குத் தலைவராக 1929-ல் இங்கேயே வந்தார். அந்தக் கமிஷனில் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் பம்பாய் என்.எம். ஜோஷியும் உறுப்பினர்கள். 1931-ல் கொடுத்த அறிக்கை இன்றும் நூலகங்களில் 'விட்லி கமிஷன்' என்ற பெயரில்தான் கிடைக்கிறது. ஆக, ஆள் நமக்கு அந்நியர் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசாங்கம் இதில் அவசரம் காட்டவில்லை. 1950-களில் ஸ்டாஃப் கவுன்சில் என்று ஒன்று வைத்தார்கள். அதில் கூஜா, விசிறி, நாற்காலி பற்றிப் பேசலாம், சம்பளம் பற்றி வாய் திறக்க முடியாது. இதற்கிடையில் 1957-ல் டெல்லியில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலி என்றால் என்ன என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லிவிட்டது. சம்பாதிப்பவர் ஒருவரையும் சேர்த்து மூன்று பேர் சாப்பாட்டு அளவு, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, அதற்கு மேல் விறகு, விளக்கு வகைக்கு 20 சதவீதம். இந்தக் கணக்குப்படி மாதம் 125 ரூபாயாவது வேண்டும் என்றன மத்திய அரசு ஊழியர் சங்கங்கள். 1959-ல் வந்த இரண்டாவது சம்பளக் கமிஷன் பஞ்சப்படியோடு சேர்த்து 80 ரூபாய் போதும் என்றது.

80-க்கும் 125-க்கும் நடுவில் இருந்த அந்த 45 ரூபாய்தான் 1960 ஜூலை 11 நள்ளிரவில் ரயிலையும் தபாலையும் நிறுத்தியது. ஐந்து நாள் நடந்தது. அரசாங்கம் முன்கூட்டியே அவசரச் சட்டம் கொண்டுவந்து வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டது. கைதுகள், வேலைநீக்கங்கள், சங்கங்களின் அங்கீகாரம் ரத்து. தொழிலாளிக்கு ஆதரவாக அவ்வளவு பேசிய நேருவே இதை அரசாங்கத்துக்கு விட்ட சவாலாகத்தான் எடுத்துக்கொண்டார். எங்கள் புதுவை அப்போது நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்து ஆறு வருடம்கூட ஆகவில்லை. நான் கால்வே காலேஜில் பிரெஞ்சு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த சிறுவன். ஒரு வாரம் கடிதம் வரவில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

அடித்து உடைத்த பிறகுதான் அரசாங்கத்துக்கு யோசனை வந்தது. இரண்டாவது சம்பளக் கமிஷன் சம்பள விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டினாலும், விட்லி மாதிரியில் ஒரு அமைப்பும் நடுவர் ஏற்பாடும் வேண்டும் என்று சிபாரிசு செய்திருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். வேலைநிறுத்தத்தை அடியோடு தடை செய்தால் இதைத் தருகிறோம் என்று முதலில் பேரம் நடந்தது. சங்கங்கள் ஒப்பவில்லை. இழுபறியில் ஆறு வருடம் போய் 1966 அக்டோபரில் ஜே.சி.எம். பிறந்தது. தமிழில் கூட்டு ஆலோசனை அமைப்பு என்று சொல்லலாம். ஆபீசில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஜே.சி.எம். என்றுதான் சொல்வோம்.

விட்லியின் மூன்று அடுக்கு இங்கேயும் வந்தது. மேலே நேஷனல் கவுன்சில், அதற்குக் கேபினட் செயலர் தலைவர். அரசுத் தரப்பில் 25 பேர் வரை, ஊழியர் தரப்பில் 60 பேர் வரை. நடுவில் ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒரு கவுன்சில். அடியில் எங்கள் ஆபீஸ் கவுன்சில். எண்ணிக்கையில் ஊழியர் தரப்பு அதிகமாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஓட்டு கிடையாதே. இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் அது முடிவு. ஒத்துப்போகாவிட்டால் 'கருத்து வேறுபாடு பதிவு செய்யப்பட்டது' என்று எழுதுவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் மதிப்பு. ஏனென்றால் அது பதிவானால்தான் விஷயம் நடுவர் மன்றத்துக்குப் போக முடியும். மன்றத்தில் மூன்று பேர்: ஒரு தலைவர், இரண்டு தரப்புப் பட்டியலிலிருந்தும் ஆளுக்கொருவர்.

நடுவர் மன்றத்தின் கதவோ மூன்று விஷயங்களுக்கு மட்டும்தான் திறக்கும். சம்பளமும் படிகளும், வார வேலை நேரம், விடுப்பு. அதுவும் ஒரு வகுப்பு அல்லது ஒரு பிரிவு ஊழியர்களுக்குப் பொதுவானதாக இருக்க வேண்டும். தனி ஆள் விவகாரம் கூடாது. பணி நியமனம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை இவற்றில் கொள்கை மட்டும் பேசலாம். நடுவர் தீர்ப்பு இரண்டு தரப்பையும் கட்டும், ஆனால் பாராளுமன்றத்துக்கு அதை மாற்றும் அதிகாரம் உண்டு. பிற்காலத்தில் தனக்குப் பிடிக்காத சில தீர்ப்புகளை நிராகரிக்க அரசாங்கம் இந்த வழியைப் பயன்படுத்தியும் இருக்கிறது.

இன்னொன்று. யார் யாருக்கு ஜே.சி.எம். இல்லை என்ற பட்டியலில் முதல் வகுப்பு அதிகாரிகள், போலீஸ்காரர்கள் ஆகியோரோடு யூனியன் பிரதேச ஊழியர்களும் இருக்கிறார்கள். அதாவது ஒரே தெருவில் எங்கள் ஆபீஸ், எதிர்ச்சாரியில் புதுவை அரசு ஆபீஸ். சம்பள விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனக்கு மேசை உண்டு, எதிர் ஆபீஸ் நண்பருக்குக் கிடையாது. அவர் என்னிடம், "உங்களுக்கென்னப்பா, கேபினட் செக்ரட்டரியோட டீ குடிக்கிறவங்க" என்று கிண்டல் செய்வார். டீ குடித்தவர்கள் டெல்லியில் இருந்த தலைவர்கள், நாங்கள் குடித்தது ஆபீஸ் கேன்டீன் டீ என்று சொன்னால் கேட்க மாட்டார்.

அமைப்பு பிறந்து இரண்டு வருடம் ஆவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. ஊழியர் தரப்பு அதே பழைய தொழிலாளர் மாநாட்டுக் கணக்கை மேசை மேல் வைத்தது, தேவைக்கேற்ற குறைந்தபட்சச் சம்பளம். அரசுத் தரப்பு ஒப்பவில்லை. அப்படியானால் நடுவரிடம் விடுங்கள் என்றார்கள். சம்பளம் நடுவர் பட்டியலில் இருக்கிறதே, விட வேண்டியதுதானே முறை? அரசாங்கம் அதற்கும் மறுத்துவிட்டது. 1968 செப்டம்பர் 19 அன்று நாடு முழுவதும் ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம். மறுபடியும் அவசரச் சட்டம். பதான்கோட்டில் துப்பாக்கிச் சூட்டில் ரயில்வே ஊழியர்கள் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள், சஸ்பெண்ட் ஆனார்கள்.

நான் 1972-ல் வேலைக்குச் சேர்ந்தபோது என் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சீனியர் அந்த ஒரு நாள் வேலைநிறுத்தத்தில் சிக்கியவர். பல மாதம் வேலையில்லாமல் இருந்து திரும்ப எடுக்கப்பட்டவர். அந்த நாட்களில் தங்கை கல்யாணம் நின்றுபோனதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு ஜே.சி.எம். விதிகளைச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். "தம்பி, இந்த ஸ்கீமைப் படி. நல்லா எழுதியிருக்கான். எழுதினபடி நடக்கலைங்கறது வேற விஷயம்" என்பார். எனக்கு அப்போது இங்கிலீஷ் அரைகுறை. பிரெஞ்சில் படித்துவிட்டு வந்தவனுக்கு ஆபீஸ் இங்கிலீஷ் என்பது இரண்டாவது பள்ளிக்கூடம். ஜே.சி.எம். மினிட்ஸ்தான் எனக்குப் பாடப்புத்தகம். 'விஷயம் பரிசீலனையில் உள்ளது' என்பதற்கும் 'விஷயம் குறித்துக்கொள்ளப்பட்டது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அதில்தான் கற்றேன். முதலாவதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. இரண்டாவது காரியம் முடிந்துவிட்டது.

ஆபீஸ் கவுன்சிலில் நாங்கள் பேசியது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். பி.எஃப். முன்பணம் தாமதம், சீனியாரிட்டி பட்டியல் ஒட்டாமல் இருப்பது, ஓவர்டைம் பில். ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஆபீஸ் பிரெஞ்சுக்காரர் காலத்து வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. 1983 வாக்கில் பெண் ஊழியர்கள் ஆறு பேர். அவர்களுக்குக் கழிப்பறை கீழே கொல்லையில், வீட்டுக்காரர் குடும்பத்தோடு பொதுவில். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போக வேண்டும். காலையில் வந்தால் சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள் என்று ஒரு சகோதரி சொன்னபோது எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. விஷயம் அஜெண்டாவில் ஏறியது. வாடகைக் கட்டடம், வீட்டுக்காரர் அனுமதி, இடம் இல்லை, நிதி இல்லை என்று எட்டு கூட்டம் ஓடியது.

ஒன்பதாவது கூட்டத்துக்கு ஒரு புதிய அதிகாரி தலைமை. அவர் மினிட்ஸைப் படித்துவிட்டு, "இடம் காட்டுங்க, பணம் நான் பாக்கறேன்" என்றார். மாடியில் பழைய ரிக்கார்டு ரூம் ஒன்று கூரை வரை கோப்புகளால் அடைந்து கிடந்தது. காலாவதியான கோப்புகளைக் கழித்தால் பாதி அறை கிடைக்கும், ஆனால் கழிக்க ஆள் இல்லை. 1985-ல் ஐந்து நாள் வாரம் வந்த புதிது, சனிக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை. ஊழியர் தரப்பில் பேசி மூன்று சனிக்கிழமை, ஓவர்டைம் இல்லாமல், பதினைந்து பேர் வந்து கோப்புகளைப் பிரித்துப் பட்டியல் போட்டுக் கொடுத்தோம். அவர் சில்லறைச் செலவு நிதியிலிருந்து தடுப்புச் சுவரும் குழாயும் போட்டார். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கப் போனதும் அவரே. இரண்டு பக்கமும் ஆளுக்குக் கொஞ்சம் இறங்கி வந்து நடந்த வேலை என்று என் சர்வீசில் நான் பார்த்தவற்றில் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் ஒரு கழிப்பறைக்கு இரண்டரை வருடம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தனி ஆள் விவகாரம் பேசக் கூடாது என்ற விதியைச் சமாளிக்க எல்லா ஆபீசிலும் ஒரு கலை வளர்ந்தது. ஒருவருடைய குறையைக் கொள்கைப் பிரச்சினையாக மாற்றி எழுதும் கலை. எங்கள் ஆபீசில் தினக்கூலிக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றிய அம்மா ஒருவர் பதினைந்து வருடமாக அதே தினக்கூலி. அவர் பெயரை எழுதினால் அஜெண்டாவிலிருந்து அடித்துவிடுவார்கள். 'நீண்டகாலமாகத் தினக்கூலியில் பணிபுரிவோரின் நிலை' என்று எழுதினால் நிற்கும். ஆபீஸ் முழுக்க அப்படி இருந்தவர் அவர் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும். நாடு முழுக்க இப்படி ஏறிய விண்ணப்பங்களும் நீதிமன்ற வழக்குகளும் சேர்ந்து, 1993 செப்டம்பரில் தினக்கூலி ஊழியர்களுக்குத் தற்காலிக அந்தஸ்து தரும் திட்டம் வந்தது. அந்த அம்மாவுக்கும் கிடைத்தது.

இந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் பள்ளிக்கூடம் என்னை மன்னிக்காது. என் மாமன் மகன் பிரெஞ்சு தேசியம் எடுத்துக்கொண்டு பாரிஸ் தபால் துறையில் வேலை பார்த்தவன். டிசம்பர் மாதங்களில் ஊருக்கு வருவான். ஒரு தடவை என் மாற்றல் உத்தரவு பற்றிப் பேச்சு வந்தபோது கேட்டான்: "ஏன் மச்சான், மாத்தல்னா உங்க ஊர்ல யாரைப் போய்ப் பாப்பே?" எம்.பி.யைப் பார்ப்பவன் எம்.பி.யைப் பார்ப்பான், சாமியைப் பார்ப்பவன் மணக்குள விநாயகரைப் பார்ப்பான் என்றேன். அவன் சிரித்துவிட்டு, அங்கே அவன் மாற்றல், பதவி உயர்வு எல்லாம் ஒரு 'கொமிஸியோன் பரித்தேர்' முன் போகும் என்றான். பரித்தேர் என்றால் சரிக்குச் சரி. நிர்வாகம் எத்தனை பேரோ, ஊழியர்கள் தேர்தலில் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதிகளும் அத்தனை பேர். தனி ஆளின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். நாம் எதைப் பேசக் கூடாது என்று எழுதி வைத்தோமோ, அதற்காகவே அவர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள்.

அதுவும் அவர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. 1909-ல் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கிளெமான்ஸோ அரசாங்கம் நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அரசு ஊழியன் வேலைநிறுத்தம் செய்தால் அந்த நிமிடமே வேலையை விட்டவனாகிறான் என்று அவர்களுடைய உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த வருடமே சொன்னது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஜெர்மன் ஆக்கிரமிப்பெல்லாம் பட்ட பிறகு, 1946 அக்டோபர் 19-ல்தான் அரசு ஊழியர் சட்டம் வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் மோரிஸ் தொரேஸ் அப்போது பொதுப்பணி ஊழியர் இலாகா அமைச்சர். சங்க உரிமையும் இந்தச் சரிசமக் குழுக்களும் அந்தச் சட்டத்தில் வந்தன. அதே வருட அரசியல் சட்ட முகவுரை வேலைநிறுத்த உரிமையையும் ஏற்றது. ஆனால் ஒன்று, அந்தக் குழுக்கள் சொல்வது கருத்துதான், கட்டளை அல்ல. 2019 ஆகஸ்டில் வந்த சட்டம் மாற்றலையும் பதவி உயர்வையும் அவற்றின் கையிலிருந்து எடுத்தும்விட்டது. மாமன் மகன் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டான். "எங்களுதும் உங்களுது மாதிரி ஆயிடுச்சு மச்சான்" என்று போனில் சொன்னான்.

நம் ஊருக்கு வருவோம். ஜே.சி.எம். பிரயோஜனப்பட்டதா இல்லையா என்று கேட்டால், சம்பளக் கமிஷன் எண்களைப் பார்த்தால் போதும். மூன்றாவது கமிஷன் 1973-ல் குறைந்தபட்சம் 185 ரூபாய் என்றது. ஊழியர் தரப்போடு பேசி அரசாங்கம் 196 ஆக்கியது. ஐந்தாவது கமிஷன் 2440 என்றது. 1997 செப்டம்பரில் வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டிருந்த நிலையில் பேச்சு நடந்து 2550 ஆயிற்று. அதைவிடப் பெரிய லாபம், சம்பளம் நிர்ணயிக்கும்போது சேர்க்கும் 20 சதவீதம் 40 ஆனது. அன்று எனக்குக் கிடைத்த நிலுவையில்தான் பெரிய பெண்ணைக் காலேஜில் சேர்த்தேன். 2008-ல் ஆறாவது கமிஷன் சொன்ன 6660, 7000 ஆனது.

இந்த மூன்று தடவையும் மேசையில் பேசினார்கள் என்பது உண்மை. வெளியே என்ன நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். 1973-க்கும் 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்துக்கும் நடுவில் சில மாதங்கள்தான். 1997-ல் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. வேலைநிறுத்தம் தேவைப்படாமல் இருக்கவே ஜே.சி.எம். வந்தது என்பார்கள். என் கணக்கில், வேலைநிறுத்தம் வந்துவிடுமோ என்ற பயம் எதிர்ப்பக்கத்தில் இருந்த வரையில்தான் அது நன்றாக ஓடியது. அதனால் மேசை வீண் என்று சொல்ல மாட்டேன். பயம் மட்டும் இருந்து மேசை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் பார்த்தோமே. சுமார் 1,70,000 பேருக்கு ஒரே வீச்சில் வேலைநீக்கம். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டது.

ஏழாவது கமிஷன் 18,000 என்றது. ஊழியர் தரப்பு கேட்டது 26,000. 2016 ஜூலை 11 முதல் வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். 1960-ல் தொடங்கிய அதே தேதி. ஜூன் 30 அன்று மூத்த அமைச்சர்கள் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள், குழு அமைத்துப் பார்க்கிறோம் என்றார்கள், வேலைநிறுத்தம் ஒத்திவைக்கப்பட்டது. 18,000 ஒரு ரூபாய்கூட நகரவில்லை. நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் பழைய பழக்கத்தில் தினமும் பேப்பரில் அந்தச் செய்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நேஷனல் கவுன்சில் நான்கு மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும் என்பது ஸ்கீமில் எழுதியிருக்கும் விதி. 46-வது கூட்டம் 2010 மே 15 அன்று நடந்தது. 47-வது கூட்டம் 2019 ஏப்ரல் 13 அன்று. நடுவில் கிட்டத்தட்ட ஒன்பது வருடம். விதிப்படி பார்த்தால் இருபத்தைந்து கூட்டத்துக்குக் குறையாமல் நடந்திருக்க வேண்டும். சங்கம் ஒரு நாள் வேலையை நிறுத்தினால் சம்பளம் பிடிப்பார்கள். ஒன்பது வருடம் கூட்டம் போடாததற்கு யார் சம்பளத்தைப் பிடிப்பது?

ஊழியர் வாழ்க்கையில் வந்த மிகப் பெரிய மாற்றத்தில் இந்த மேசைக்கு வேலையே இருக்கவில்லை. 2003 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2004 ஜனவரி 1 முதல் சேர்பவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. பென்ஷன் நடுவர் பட்டியலில் இருக்கும் மூன்று விஷயங்களில் இல்லை. தவிர, பாதிக்கப்படப் போகிறவர்கள் அன்று வேலையிலேயே சேரவில்லை. யாருக்காக யார் கொடி பிடிப்பது? எங்களில் பலர், நமக்கு வந்துவிட்டது, போதும் என்று இருந்தார்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் நடுத்தர வயதாகி, ஓய்வு தேதியைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் குரல் பெரிதானது. டி.வி. சோமநாதன் தலைமையில் 2023-ல் ஒரு குழு அமைந்து ஊழியர் தரப்போடு பேசியது. 2024 ஆகஸ்ட் 24 அன்று ஊழியர் தரப்புத் தலைவர்களைப் பிரதமரே சந்தித்தார். அன்றே ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் அறிவிப்பானது. 25 வருட சர்வீசுக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. 2025 ஏப்ரல் 1 முதல் அமல். பழைய பென்ஷன் அப்படியே திரும்பவில்லை, ஊழியர் சம்பளத்தில் 10 சதவீதம் பிடிப்பு தொடர்கிறது. அது போதாது என்று சொல்பவர்கள் சங்கங்களுக்குள்ளேயே நிறைய. குழுத் தலைவராக இருந்த சோமநாதன், தமிழ்நாடு கேடர் அதிகாரி, அந்த மாதக் கடைசியில் கேபினட் செயலரானார். ஆகவே நேஷனல் கவுன்சிலில் தலைவர் நாற்காலியும் அவருக்கு வந்தது.

கடைசியாக நம்மைப் போன்றவர்கள் எல்லோரும் கேட்பது, அந்த 18 மாத நிலுவை. கொரோனா காலத்தில் 2020 ஜனவரி, ஜூலை, 2021 ஜனவரி என மூன்று தவணைப் பஞ்சப்படியை நிறுத்தி வைத்தார்கள். பென்ஷன்காரர்களுக்கும் அதேதான். 2021 ஜூலையில் 17 சதவீதத்திலிருந்து 28-க்கு ஏற்றினார்கள், ஆனால் நடுவில் விட்டுப்போன மாதங்களுக்குப் பணம் இல்லை. அதற்குச் சில நாள் முன்பு, ஜூன் 26 அன்று 48-வது கூட்டத்தில் ஊழியர் தரப்பு இதைக் கேட்டது. பிறகும் கடிதங்கள் போயின. மிச்சமான 34,402 கோடி ரூபாய் கொரோனாவின் பொருளாதாரப் பாதிப்பைச் சமாளிக்கப் பயன்பட்டது, நிலுவை தருவது சாத்தியமில்லை என்பதுதான் பாராளுமன்றத்தில் நிதி அமைச்சகம் சொல்லிவரும் பதில். ஆபீஸ் கவுன்சில் பாஷையில் சொன்னால், விஷயம் குறித்துக்கொள்ளப்பட்டது.